கிறிஸ்துமஸ் மரத்தடியில் ஒரு குடும்பச் சண்டை!

கை நிறைய பார்சல்களோடு வீட்டுக்குள் வருகிறாள் நோரா. பின்னாலேயே ஒரு கூலியாள் கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கேட்ட கூலிக்கு இரண்டு மடங்கு கொடுத்து, மீதிச் சில்லறை வேண்டாம் என்கிறாள். மரத்தைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கச் சொல்கிறாள். அலங்காரம் முடிந்த பிறகுதான் அவர்கள் பார்க்க வேண்டுமாம். பிறகு பையிலிருந்து இரண்டு மக்ரூன்களை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பூனைபோல நடந்து போய்க் கணவனின் அறைக் கதவில் காதை வைக்கிறாள். பல் கெட்டுப்போகும் என்று அவர் இனிப்புக்குத் தடை போட்டிருக்கிறார். எட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய், பண்டிகைக்கு முதல் நாள் தன் வீட்டிலேயே இனிப்பைத் திருடித் தின்கிறாள்.

நார்வே நாடக ஆசிரியர் ஹென்ரிக் இப்சனின் 'பொம்மை வீடு' இப்படித்தான் தொடங்குகிறது. 1879 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு, கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில் முதல் காட்சி. பெண் விடுதலை பற்றிப் பேச்சு வந்தால் இந்த நாடகத்தின் பெயரும் வந்துவிடும். ஆனால் இது ஒரு பண்டிகை நாடகம் என்பது பலருக்கும் மறந்தே போயிருக்கும். மூன்று அங்கங்கள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், கிறிஸ்துமஸ், அதற்கு மறுநாள் இரவு. இரண்டாவது அங்கத்தில் அதே மரம் மூலையில் நிற்கும். அலங்காரமெல்லாம் உருவப்பட்டு, மெழுகுவத்திகள் அடிவரை எரிந்து தீர்ந்திருக்கும். வசனமே இல்லாமல் குடும்பத்தின் நிலைமையைச் சொல்லிவிடுகிறது அந்த மரம்.

மக்ரூன் சின்னத் திருட்டுதான். பெரியது ஒன்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் கணவன் டோர்வால்டு சாகக் கிடந்தார். வெயில் உள்ள தேசத்துக்குக் கூட்டிப்போனால் பிழைப்பார் என்றார்கள் டாக்டர்கள். அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்கி, கணவரை இத்தாலிக்குக் கூட்டிப்போய்க் காப்பாற்றுகிறாள் நோரா. பணம் மாமனார் கொடுத்தது என்றே அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும், ராத்திரி கண் விழித்து நகலெழுதும் வேலை செய்தும் வட்டி கட்டுகிறாள் அவள். போன கிறிஸ்துமஸுக்கு மரத்துக்கு அலங்காரம் செய்கிறேன் என்று மூன்று வாரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். கடைசியில் எல்லாவற்றையும் பூனை கிழித்துவிட்டது என்று சொன்னாளாம். அதைச் சொல்லிக் கணவர் கேலி செய்கிறார். பூனை பாவம். அந்த மூன்று வாரம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. அவருக்கு மட்டும் புரியவில்லை.

உண்மை கடிதமாக வந்து சேர்ந்ததும் டோர்வால்டு வெடிக்கிறார். பிள்ளைகளை வளர்க்கும் தகுதி அவளுக்கு இல்லையாம். ஆனால் ஊருக்காக அதே வீட்டில் இருந்துகொள்ளலாமாம். கொஞ்ச நேரத்தில் கடன் பத்திரமே திரும்பி வருகிறது. ஆபத்து நீங்கியது. உடனே மன்னித்துவிட்டதாகச் சொல்கிறார். முழு மனதோடுதான் சொல்கிறார்.

நாடகத்தின் உயிர் இங்கேதான். அவர் மன்னிக்கிறார், ஏற்றுக்கொள்ளவில்லை. தன்னைக் காப்பாற்றக் குற்றம்வரை போன ஒரு பெண் தன் வீட்டில் இருந்திருக்கிறாள் என்பதே அவர் மண்டையில் ஏறவில்லை. அவர் மன்னிப்பது தப்பு செய்த குழந்தையை. நோரா விருந்து உடையைக் கழற்றி அன்றாட உடைக்கு மாறி வருகிறாள். எதிரே உட்காரச் சொல்கிறாள். எட்டு வருடத்தில் இருவரும் உட்கார்ந்து பேசும் முதல் பேச்சு அது. பிறகு கிளம்பிப் போகிறாள். கதவு சாத்தும் சத்தத்தோடு நாடகம் முடிகிறது.

பண்டிகையும் அதுவுமாக ஒரு தாய் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதா? அன்றைக்குப் பலருக்கும் பொறுக்கவில்லை. ஜெர்மனியில் நோராவாக நடிக்க இருந்த ஹெட்விக் நீமன்-ராபெ என்ற நட்சத்திர நடிகை, தன் பிள்ளைகளைத் தான் ஒருநாளும் விட்டுப்போக மாட்டேன், அதனால் இந்த முடிவை நடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அங்கே இப்சனின் நாடகத்துக்குக் காப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது. யாரோ ஒருவர் கை வைப்பதைவிடத் தானே மாற்றிவிடலாம் என்று இப்சனே வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் கணவர் நோராவைப் பிள்ளைகள் தூங்கும் அறை வாசலுக்கு இழுத்துப்போகிறார். பார்த்ததும் அவள் உடைந்து தரையில் சரிகிறாள். திரை. 1880 பிப்ரவரியில் அந்த முடிவோடு மேடையும் ஏறியது. எழுதிய இப்சனுக்கே அது பிடிக்கவில்லை. நாடகத்தின் மேல் நடந்த வன்முறை என்றே அதைச் சொன்னார்.

'குடும்பம் சேர்ந்துவிட்டது' என்று கைதட்டத் தோன்றும் முடிவுதான் அது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அதில் டோர்வால்டு ஓர் அங்குலமாவது மாறியிருக்கிறாரா?

இந்தக் கதைக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு பெண் இருந்தார். இப்சனுக்குத் தெரிந்த எழுத்தாளர் லாரா கீலர். நோயாளிக் கணவருக்காக ரகசியமாகக் கடன் வாங்கியவர். விஷயம் வெளியே வந்தபோது அவரை மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள்; பிள்ளைகளையும் பிரித்தார்கள். பிறகு அதே கணவரிடமே திரும்பிப் போய் வாழ்ந்தார். கதவைச் சாத்திவிட்டுப் போகும் துணிவு மேடையில் இருந்த பெண்ணுக்கு வாய்த்தது.

இத்தனை நாடக ஆசிரியர்கள் ஏன் பண்டிகை நாளைத் தேடிப் பிடிக்கிறார்கள்? காரணம் ரொம்ப நடைமுறையானது. ஒரே வீடு, ஒரே செட், ஏழெட்டுப் பேர். சாதாரண நாளில் சண்டை வந்தால் ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம். பண்டிகை நாளில் போக முடியாது. அடுப்பில் கறி வேகிறது, பிள்ளைகள் பரிசுக்காகக் காத்திருக்கிறார்கள், அடுத்த ரயில் நாளைக்குத்தான். வருடம் முழுக்க போனில் சமாளித்த உறவுகள் நேருக்கு நேர் உட்கார வேண்டும். அதுவும் சிரித்த முகத்தோடு. தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஜேம்ஸ் கோல்டுமன். 1966-ல் பிராட்வேயில் வந்த அவருடைய 'தி லயன் இன் விண்டர்' நடப்பது 1183-ம் ஆண்டு கிறிஸ்துமஸில். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, தான் சிறையில் அடைத்துவைத்திருக்கும் மனைவி எலினாரைப் பண்டிகைக்காக மட்டும் வெளியே விடுகிறார். மூன்று மகன்களில் யாருக்குப் பட்டம் என்று பேச்சு தொடங்கி, ஆளுக்கு ஆள் கழுத்தை நெரிக்கும் நிலைக்குப் போகிறது. பண்டிகை முடிந்ததும் எலினார் சிறைக்குத் திரும்பப் படகேறுகிறாள். ஈஸ்டருக்கு மறுபடி வெளியே விடுவார்களா என்பதுதான் போகும்போது பேச்சு. பைத்தியக்காரக் குடும்பம் என்று சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகு நம் சொந்தக்காரர்களில் இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள்.

கிறிஸ்துமஸ் நாடகம் என்றதும் உலகம் முதலில் சொல்வது ஸ்க்ரூஜின் கதையைத்தான். சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' 1843 டிசம்பரில் புத்தகமாக வந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் லண்டனில் ஒன்றுக்கு மேற்பட்ட அரங்குகளில் நாடகமாகிவிட்டது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர கத்ரி தியேட்டரில் 1975-ல் தொடங்கி டிசம்பர்தோறும் போடுகிறார்கள். பேய்களைப் பார்த்துத் திருந்தும் கஞ்சன் என்றே எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு குடும்பத் தகராறு இருப்பது கண்ணில் படுவதில்லை. ஸ்க்ரூஜுக்கு ஓர் அக்கா, தங்கை என்று இருந்தவள் ஒருத்திதான்; அவளும் செத்துப்போனாள். அவளுடைய மகன் ஃப்ரெட் காதல் கல்யாணம் செய்துகொண்டான். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. அவன் வீட்டு வாசலை மிதிக்க மறுக்கிறார். ஃப்ரெட் விடுவதாக இல்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முன் மாமாவின் ஆபீசுக்கே போய் விருந்துக்கு அழைக்கிறான், திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தபடி திரும்புகிறான். பெரியவர்கள் சின்னவர்களை ஏற்றுக்கொள்வார்களா என்பதுதான் வழக்கமான கதை. இங்கே பெரியவரைச் சின்னவன் ஏற்றுக்கொண்டு காத்திருக்கிறான். பேய்கள் மூன்றும் வந்து வேலை செய்யாவிட்டால்கூட, அடுத்த வருடமும் ஃப்ரெட் போய் அழைத்திருப்பான்.

சிரிக்கவைக்கும் வகையும் உண்டு. பிரிட்டனின் ஆலன் எய்க்போர்ன் 1980-ல் ஸ்கார்பரோவில் மேடையேற்றிய 'சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்' நாடகத்தில், பெலிண்டாவின் வீட்டுக்கு அவளுடைய சகோதரி தனக்குப் பிடித்த எழுத்தாளரை விருந்தாளியாக அழைத்து வருகிறாள். நள்ளிரவில் மரத்தடியில் பெலிண்டாவும் அவரும் கட்டிப்பிடிக்கும்போது, பரிசாகச் சுற்றிவைத்த பொம்மை ஒன்று தானாகவே மேளம் கொட்டி வீட்டையே எழுப்பிவிடுகிறது. தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று தெரிந்த பெர்னார்டு என்ற டாக்டர், பிள்ளைகளுக்காக வருடம் தவறாமல் பொம்மலாட்டம் போடுகிறார். அது பிள்ளைகளுக்கே பிடிக்காது. ஒத்திகையின்போது அவர் உடைந்து கத்தும் இடத்தில் சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் சட்டென்று அடங்கும். அந்தப் பிள்ளைகள் யாரும் கடைசிவரை மேடைக்கு வருவதே இல்லை. யாருக்காகப் பண்டிகையோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் குடும்பத்துக்குள் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி எப்போதும் மனப்பொருத்தத்தைப் பற்றியது மட்டும் இல்லையே. பிறப்பைப் பற்றியதாகவும் இருக்கும். ஆல்ஃப்ரெட் ஊரி எழுதிய 'தி லாஸ்ட் நைட் ஆஃப் பாலிஹூ', 1997-ல் சிறந்த நாடகத்துக்கான டோனி விருது பெற்றது. 1939 டிசம்பர், அமெரிக்காவின் அட்லாண்டா. 'கான் வித் தி விண்ட்' படத்தின் முதல் காட்சிக்காக ஊரே அமளிப்படுகிறது. ஒரு பணக்கார யூதக் குடும்பம் வீட்டுக் கூடத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைத்து அலங்கரிக்கிறது! உச்சியில் நட்சத்திரம் வைக்கலாமா என்று பெண்ணுக்கும் அம்மாவுக்கும் சண்டை. யூத வீட்டு மரத்தில் நட்சத்திரம் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

அந்த வீட்டுப் பெண் சன்னிக்கும் நியூயார்க்கிலிருந்து வேலைக்கு வந்த ஜோவுக்கும் காதல். ஜோவும் யூதன்தான். ஆனால் இவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்த பழைய குடி. அவன் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளை. 'அந்த மாதிரி' ஆட்களுக்கு இவர்களுடைய கிளப்பில் அனுமதி இல்லை. பண்டிகைக் கால நடன விருந்தில் அவனுக்கு அது தெரியவருகிறது. சன்னிக்கு அது முன்பே தெரியும் என்பதுதான் அவனை அதிகம் சுடுகிறது. ஊரிலுள்ள கிறிஸ்தவர்கள் இவர்களைத் தங்கள் கிளப்பில் சேர்ப்பதில்லை. இவர்கள் தங்களுக்குக் கீழே ஒரு படி கண்டுபிடித்து அதில் ஜோவை நிறுத்துகிறார்கள். கடல் கடந்த கதைதான். ஆனால் ஒரு தமிழ் வாசகருக்கு இதில் புரியாத வரி ஒன்றுகூட இருக்காது. கடைசிக் காட்சியில் மரம் இல்லை. கனவுபோல, எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து வெள்ளிக்கிழமை சப்பாத் விளக்கேற்றுகிறார்கள். ஜோவும் அந்த மேசையில் இருக்கிறான். நிஜத்தில் அப்படி நடந்ததா என்று ஊரி சொல்லவில்லை.

தார்ன்டன் வைல்டரின் 'தி லாங் கிறிஸ்துமஸ் டின்னர்' 1931-ல் வந்த ஓரங்க நாடகம். ஒரு குடும்பத்தின் தொண்ணூறு வருட கிறிஸ்துமஸ் விருந்துகள், இடைவெளியே இல்லாமல் ஒரே விருந்தாக ஓடும். மேடையின் ஒரு பக்க வாசலில் பூவும் பழமும். பிறக்கிறவர்கள் அதன் வழியாக வருவார்கள். எதிர்ப்பக்க வாசலில் கறுப்பு வெல்வெட். இறப்பவர்கள் அதன் வழியாகப் போவார்கள். வயதாவதைக் காட்ட வெள்ளை விக் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டால் போதும். தட்டில் உணவு இருக்காது, இருப்பதுபோல் சாப்பிடுவார்கள். நடுவில் ஒரு மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போகிறான். ஒரு மகள் இந்த வீட்டில் மூச்சுமுட்டுகிறது என்று போய்விடுகிறாள். மேசை அதையும் விழுங்கிக்கொள்கிறது. வான்கோழி இன்னொரு துண்டு வேண்டுமா என்ற அதே விசாரிப்பை அடுத்த தலைமுறை தொடர்கிறது.

இவற்றில் சமீபத்தியது ஸ்டீபன் கேரம் எழுதிய 'தி ஹியூமன்ஸ்'. 2016-ல் டோனி விருது பெற்றது. 2021-ல் கேரமே அதைப் படமாகவும் இயக்கினார். இங்கே பண்டிகை கிறிஸ்துமஸ் அல்ல, தேங்க்ஸ்கிவிங். இளைய மகள் பிரிஜிட், காதலன் ரிச்சர்டோடு நியூயார்க் சைனாடவுனில் ஒரு பழைய கட்டடத்தில் குடியேறியிருக்கிறாள். தரைத்தளமும் அதன் கீழே பேஸ்மென்ட்டும், நடுவில் ஒரு சுழல் படிக்கட்டு. இன்னும் சாமான்கள் வந்து சேரவில்லை. பேப்பர் தட்டில் விருந்து. அப்பா எரிக், அம்மா டெய்ட்ரி, மறதி நோய் முற்றிய பாட்டி மோமோ மூவரும் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனிலிருந்து வந்திருக்கிறார்கள். மூத்த மகள் எய்மி வக்கீல்.

பெற்றோர் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள். எய்மி தன்பாலின ஈர்ப்பாளர். பெரிய சண்டை இங்கேதான் வெடிக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம். அதெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. காதலி பிரிந்துபோன துக்கத்தில் இருக்கும் மகளை அப்பா தேற்றுகிறார். வேறெந்த மகளையும் எந்த அப்பாவும் தேற்றுவது மாதிரிதான். அம்மா தன் பாணியில் அன்பு காட்ட, கலவரமூட்டும் ஈமெயில்களை ஃபார்வர்டு செய்துகொண்டே இருக்கிறாள். இந்தக் குடும்பத்துக்கு இடிப்பது வேறொன்று. கல்யாணம் செய்துகொள்ளாமல் ரிச்சர்டோடு வாழும் பிரிஜிட்! சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் அம்மா குத்திக்காட்டுகிறாள். புதுமனைக்குப் பரிசாக மாதா சிலை ஒன்றைக் கொண்டுவந்து, நம்பிக்கை இல்லாவிட்டாலும் தனக்காக வைத்துக்கொள் என்கிறாள்.

மகள்கள் மட்டும் சும்மாவா? படித்த பெண்களின் கிண்டல் நயமாக இருக்கும், ஆனால் ஆழமாக இறங்கும். அம்மாவின் எடை, அம்மாவின் ஈமெயில், அம்மாவின் சாமி, எதையும் விடுவதில்லை. சின்ன வயதிலிருந்து ஒரே ஆபீசில் வேலை பார்த்து, இன்று தன் பிள்ளைகளின் வயதுள்ள மேலதிகாரிகளிடம் கைகட்டி நிற்கிறவள் அந்த அம்மா. கிண்டல்களை எல்லாம் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறாள். ஏற்றுக்கொள்வது பெற்றோர் மட்டும் செய்ய வேண்டிய வேலை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பதை கேரம் சத்தம் போடாமல் பிடித்துவிடுகிறார்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பன்றி வடிவப் பெப்பர்மின்ட் மிட்டாய் ஒன்றைப் பையில் போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். ஒவ்வொருவரும் தான் எதற்கு நன்றியோடு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சுத்தியலால் ஓர் அடி போட வேண்டும். குடும்பத்துக்குப் புதியவனான ரிச்சர்டும் அடிக்கிறான். எதையும் புரிந்துகொள்ள முடியாத பாட்டியும் சக்கர நாற்காலியில் பக்கத்திலேயே இருக்கிறாள். நோய் முற்றுவதற்கு முன்பு பேத்திகளுக்கு அவள் எழுதிய ஈமெயிலை அம்மா படிக்கிறாள். கவலைப்பட்டு வாழ்க்கையை வீணாக்க வேண்டாம் என்ற தொனியில் போகும் கடிதம். அரங்கில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும் இடம் இது.

அதன் பிறகுதான் எரிக் வாயைத் திறக்கிறார். பல வருடமாக வேலை பார்த்த கத்தோலிக்கப் பள்ளியில், ஒரு டீச்சரோடு உறவு என்று அவரை நீக்கிவிட்டார்கள். பென்ஷன் போய்விட்டது. வீடு கட்ட ஏரிக்கரையில் வாங்கிய நிலத்தையும் விற்றாகிவிட்டது. டெய்ட்ரிக்கு இதெல்லாம் முன்பே தெரியும். அன்று மாலை முழுக்க மகள்களின் கிண்டலைக் கேட்டதும், கல்யாணத்தின் பெருமையைப் பேசியதும், கடிதம் படித்ததும் எல்லாம் தெரிந்துகொண்டேதான். நோராவின் கணவர் ஒரு நிமிடத்தில் மன்னித்தார். டெய்ட்ரி மன்னித்ததாகச் சொல்லவே இல்லை. மகள்கள் அப்பாவைப் பார்க்கவே தயங்குகிறார்கள். பிரிஜிட் கோபத்தில் வார்த்தைகளைக் கொட்டுகிறாள். யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை.

மேல்மாடியில் யாரோ தொம் தொம்மென்று நடக்கிறார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. மற்றவர்கள் பாட்டியோடு வெளியே போய்விட்டார்கள். எரிக் மட்டும் இருட்டில் நின்று பயத்தை அடக்கிக்கொண்டிருக்கிறார். தெருவில் கார் காத்திருக்கிறது. ஸ்க்ரான்டனுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பயணம். அவரும் டெய்ட்ரியும் ஒரே காரில்தான் போக வேண்டும்.